ஏழே முக்கால்

கொட்டச்சேடு போகும் பாதையில்
மூன்றாவது வளைவு தாண்டி
ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை,
நான்.

பால்மானியை மிதக்கவிட்டு
எண்ணைப் படிப்பது என் வேலை.
இருபத்தெட்டு என்றால் எழுதுவேன்.
இருபத்தைந்து என்றால் நிமிர்ந்து பார்ப்பேன்.
பார்க்கப்பட்டவர்
ஓடையைப் பற்றி எதுவும் சொல்லாமல்
பீடி தேடுவார்.

வண்டி அப்போது ஆறு மணிக்கு வந்தது.
சேலத்தில் ஏழுக்கு டீ கொதித்தாக வேண்டும்.
தீர்த்தகிரியின் மாடுகளுக்கு இது தெரியாது.
பனி காய்ந்த பிறகு,
கன்று முட்டி முட்டி
மடி இறங்கிய பிறகு,
ஒன்றேகால் லிட்டர்.
ஒரு மாட்டுக்கு அவ்வளவுதான்.
நாலாவது காம்பு கன்றுக்கு. அதைத் தொடமாட்டார்கள்.
பட்டியில் இருபத்தொன்று, கறப்பில் எட்டு.
அவர் தங்கை வெள்ளச்சி
தூக்குவாளியோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போது
மணி ஏழரை.
டீசல் வாசம்கூட ஆறியிருக்கும்.

பைக்கில் ஒருத்தன் வருவான்.
லிட்டர் இருபத்தாறு. பேரம் கிடையாது.

அழகாபுரத்தில் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில்
ஒரு கண்ணாடிப் பாட்டில் பார்த்தேன்.
'மலை நாட்டுமாட்டுப் பால்.' நூற்றிருபது ரூபாய்.
படத்திலிருந்த மாட்டுக்குத்
திமில் இல்லை.

சங்கக் கூட்டத்துக்கு வந்த அதிகாரி நல்லவர்.
கலப்பின மாடு வாங்கக் கடன் தருவதாகச் சொன்னார்.
'இந்தச் சரிவில் ஏறுமா?'
'ஏறாது. கட்டிப் போடணும்.'
'தீனி?'
'மூட்டையில் வரும்.'
'மூட்டைக்குக் காசு?'
'பாலில் வரும்.'
தீர்த்தகிரி கொஞ்ச நேரம் யோசித்தார்.
'அப்ப பாலு மூட்டைக்குத்தானா?'

வெள்ளச்சி கடைசியில்தான் எழுந்தாள்.
கடன் வேண்டாம், மாடு வேண்டாம்.
'வண்டி ஏழே முக்காலுக்கு வரட்டும்.'

சிரித்தார்கள்.
நானும்தான்.

மறுவாரம் அவள் பாலைச்
சும்மா பார்க்கலாமென்று அளந்தேன்.
இருபத்தாறரை.
நிமிர்ந்து பார்த்தேன்.
அவள் பீடி பிடிப்பவள் இல்லை,
திருப்பிப் பார்த்தாள்.
கொழுப்பு கூடினால் மானி தாழும் என்று
பயிற்சியில் சொன்னது அப்புறம்தான் உறைத்தது.
கருவியில் வைத்தால்
ஐந்து புள்ளி ஒன்று.
அன்று என் கையெழுத்து கொஞ்சம் கோணல்.

டீக்கடை காத்திருக்காது.
தயிர் காத்திருக்கும்.
இதைச் சொன்னவர் டிரைவர் இருசப்பன்.
அஸ்தம்பட்டியில் மெஸ் நடத்தும் ஜெயசீலி
ஒரு தூக்கு வாங்கி உறை ஊற்றினாள்.
மறுநாள் போனில்,
'கரண்டி நிக்குதுடி!'

இப்போது இரண்டாவது நடை உண்டு.
கீழ்க்காட்டிலிருந்து ஆறு பட்டிக்காரர்கள் வருகிறார்கள்.
லிட்டருக்கு அல்ல, கொழுப்புக்கு விலை.
நாற்பத்தெட்டு வரை போகிறது.
அதில் மூன்று ரூபாய் பிடித்து
பிஸ்கட் டின்னில் போடுகிறோம், சித்திரைக்காக.
பிடித்தம் என்றதும் சண்டை வந்தது.
பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை,
பாலை மட்டும் ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

பங்குனி பிறந்துவிட்டது.
போதைப்புல் பொடியாகிறது.
மேலே தீ பிடித்ததென்று
வனக்காவலர் மேய்ச்சலை நிறுத்திவிட்டார்.
ரசீது இருக்கிறது, புல் இல்லை.
எட்டில் மூன்றுதான் கறக்கிறது.
நேற்றுக் கேன் பாதிகூட நிறையவில்லை.
இருசப்பன் உள்ளே எட்டிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

டின்னைத் திறந்து எண்ணினேன்.
ஆறு பட்டிக்குப் பதினெட்டு நாள் தீவனம்.
மழைக்கு எத்தனை நாளென்று
எந்த மானியும் காட்டாது.

மணி ஏழு நாற்பது.
பாதையில் வாளிச் சத்தம்.
வளைவுக்குக் கீழே
ஏதோ ஒரு வண்டி கியர் மாற்றுகிறது.
எங்களுடையதாக இருக்கலாம்.
பால்மானியைக் கழுவி வைக்கிறேன்.