ஏழு வருடத்துக்கு இரண்டு வரி

பேக்கரியில் இரவு வேலை முடிந்து
நகக்கண்ணில் மாவோடு
டெர்வ்லா தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

'ரொட்டி சுடுபவர்' என்றிருந்ததை
'உணவுத் தயாரிப்பு மேற்பார்வை' என்று மாற்றினாள்.
பொய்யில்லை.
புதுப் பையன் அடுப்பைத் திறந்தே போட்டுவிட்டுப் போகும்போது
மேலே நின்று பார்ப்பது அவள்தான்.

சம்பளச் சீட்டு மூன்று.
ஆறு மாத வங்கிக் கணக்கு:
அதில் மார்ச் பன்னிரண்டாம் தேதி
மீதி பதினோரு யூரோ.
ஓரத்தில் பென்சிலால்
'மகனுக்குக் கண்ணாடி' என்று எழுதி
அழித்தாள்.
அழித்த தடம் தெரிந்தது.

மகனையும் ஒரு வரியில் சொல்லவேண்டும்.
'வயது ஒன்பது. அமைதியானவன்.'
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ஃபெலிம்
'நானா?' என்றான்.

பழைய வீட்டுக்காரரின் நற்சான்று இல்லாமல்
எந்தக் கோப்பும் நிற்காது.
வீட்டை விற்கிறேன், காலி செய் என்றவரும் அவரே.
குட்டிய கையிடமே
தடவிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள்.
கெஹோ நல்ல மனிதர். மறுநாளே அனுப்பினார்.
'வாடகை ஒருமுறையும் தவறியதில்லை.
வீட்டைத் தன் வீடுபோல் வைத்திருந்தார்.'
ஏழு வருடத்துக்கு இரண்டு வரி.
காலி செய்யச் சொன்னதற்கு மூன்று பக்கம்.
இரண்டின் அடியிலும் அதே கையெழுத்து,
அதே நீண்ட வால்.
தன் வீடு
போல்.

சனிக்கிழமை, பிப்ஸ்பரோவில்
மதுக்கடை முனை வரைக்கும் வரிசை.
டப்ளின் மழைக்குத் தெரியுமா என்ன
யார் கையில் என்ன காகிதம் என்று.
எல்லார் நெஞ்சிலும் பிளாஸ்டிக் உறை.
முன்னால் நின்ற செவிலிப் பெண்
சிரிக்கும் வண்ணப்படம் ஒன்றை முதல் பக்கத்தில் வைத்திருந்தாள்.
பின்னால் ஒரு ஜோடி
இரண்டு சம்பளம், இரண்டு சம்பளம் என்று
ஜெபம்போல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.
மாட்டுச் சந்தையில்கூட
மாடு தன் பல்லைத் தானே பிதுக்கிக் காட்டுவதில்லை.

உள்ளே நான்கு நிமிடம்.
அலமாரிக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே
கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.
செவிலி பார்த்தாள். ஜோடி பார்த்தது.
'நல்ல வெளிச்சம்' என்றாள் செவிலி.
'ஆமாம், நல்ல வெளிச்சம்' என்றாள் டெர்வ்லா.
கோப்பில் சேர்க்காத ஒரு தாளை
அப்போதுதான் எல்லாரும் சேர்த்தார்கள்.

'அம்மா, சுவத்துல பூஞ்சை!'
அறை முழுக்கக் கேட்டது
அமைதியானவன் குரல்.

தரகர் இளவயதுக்காரன், ஈரச் சட்டை.
பையனைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்,
'குளிர்காலத்தில் இன்னும் ஏறும்' என்றான்
உதடு அசையாத மாதிரி.
கோப்பை வாங்கிக்கொண்டான்.
அடுக்கின் மேலே வைத்தானா, அடியில் செருகினானா,
அதற்குள் அடுத்த நான்கு பேர் வந்துவிட்டார்கள்.

பேருந்தில்
'கெடுத்துட்டேனா?' என்று கேட்டான்.
அவள் அவன் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியால் மழையைத் துடைத்து
மறுபடி மாட்டிவிட்டாள்.