செவ்வாய்க்கிழமை வருமானம்

படிவத்தில் பதினொன்றாம் கட்டம்:
கிழமைவாரியாக எதிர்பார்க்கும் வருமானம்.
மற்ற நாட்களுக்கெல்லாம் எண் இருந்தது.
செவ்வாய்க்கு மட்டும் ஒரு சுழி,
தாளின் மறுபக்கம் தடவினால்
விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு
அழுத்தி எழுதியது.

வல்பராய்சோவில், கூட்டுறவுக் கடன் சங்கத்தில்,
ஒன்பது வருஷமாக நான்
சுழிகளைத் தேடிப் பிடிக்கிறவன்.
“செவ்வாய் விடுமுறையா?”
“இல்லை, அன்றைக்குத்தான் வேலை அதிகம்.”
யஸ்னா ஒயார்சுன். வயது இருபத்து நான்கு. தொழில், சலவை.
பிணை, மூடிப்போன ஓட்டலில் ஏலத்தில் எடுத்த
இரண்டு இயந்திரங்கள்;
மூடியில் இன்னும் ஓட்டலின் பெயர்.

செவ்வாயன்று
கிடங்குச் சுவரோரம் அட்டை விரித்துப் படுக்கிறவர்களின் போர்வைகள்,
சந்தைக்குப் பின்னால் வண்டிக்கடியில் தூங்குகிறவர்களின் துணிகள்.
காசில்லை. பெயர் கேட்பதில்லை, எண் மட்டும்.

“சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது”
என்று எழுதிக்கொள்ளவா என்றேன்.
மேலிடத்துக்குப் பிடித்த சொல் அது.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
“சலவைக்கடைக்கு வேறென்ன வேலை?
வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிறதுதானே.”

கேட்டதில் பாதிதான் கொடுத்தோம்.
கொடுத்தோம் என்ன,
சிவப்புப் பேனாவால் பாதியாக்கியது நான்.

ஜூலையில் மூடுபனி இறங்கிக் குன்றை விட்டு நகரவில்லை.
எந்தத் துணியும் காயவில்லை.
நூற்று அறுபது படி, வண்டி ஏறாது;
ஈரப்போர்வை என்ன கனம் என்று
தூக்கியவருக்குத்தான் தெரியும்.
கிரேன் ஓட்டியவரின் மனைவி ஒருநாள் கேட்டாளாம்:
“அவர்கள் துணியை எந்த இயந்திரத்தில் போடுகிறாய்?”
“இரண்டிலும்.”
அடுத்த வாரம் அந்தப் பை வரவில்லை.
அதைப் பார்த்து இன்னும் மூன்று பைகள்.
ஒரு சின்னப் பொய் போதும்,
நாலு பையும் தங்கியிருக்கும்.
கோப்பில் எழுதினேன்:
வாடிக்கையாளரிடம் பேசத் தெரியவில்லை.

தவணை இரண்டு நாள் தாமதமாக வந்தது,
எல்லாம் சில்லறை.
எண்ணி முடித்ததும்
கையில் சோப்பு வாசனை.

ஆகஸ்டில் ஆய்வுக்குப் போனேன், செவ்வாயாகப் பார்த்து.
மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு என்னிடம் இல்லை.
அலமாரியில் எண்ணிட்ட உறைகள்.
துவைக்குமுன் பைகளில் கிடைத்தவை என்றாள்:
பாதி சிகரெட், பேருந்து அட்டை,
தெரியாமல் ஒருமுறை நனைந்துவிட்ட குழந்தைப் படம்,
பத்தொன்பதாம் உறையில் ஒரு சாவி.

வீட்டுச் சாவி.
வீடில்லாதவரின் சட்டைப்பையில்.

எந்த வீடு என்று நான் கேட்க வாயெடுத்தபோது
பத்தொன்பதாம் எண்காரர் உள்ளே வந்தார்.
போர்வையை அவர் தொடவில்லை.
முதலில் உறையைப் பிரித்தார்,
சாவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்,
நெஞ்சுப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.
அப்புறம்தான் போர்வை.

பார்க்க வேண்டிய கணக்கேடு மேசையில் மூடியே இருந்தது.
நான் கோட்டைக் கழற்றினேன்.
எந்த இயந்திரம் என்று கேட்கவில்லை.
“உங்களுக்குக் காசு உண்டு” என்றாள்,
சீட்டு முப்பத்தேழு.

பாதிப்படி இறங்கியதும் உறைத்தது,
உள்பையில் பேனா.
சிவப்பு மசி, மூடி வேறு சரியில்லாதது;
இரண்டு இயந்திரத் துணிக்கும் அது ஒன்றே போதும்.

திரும்பி ஏறவில்லை.
பைகளைத் துழாவாமல் அவள் எதையும் நனைப்பதில்லை.
கீழே குளிர்காற்று,
சட்டையோடு நடந்தேன்.