தற்காலிகம்

சனிக்கிழமைகளில் வகுப்பு.
சமுதாயக் கல்லூரியின் பின்கட்டிடம்,
வெல்டிங் பட்டறைக்கு மேலே ஓர் அறை.
பதினான்கு பேர் இருந்தோம்:
கெளுத்திமீன் ஆலையை மூடியதால் வந்த கணக்கர்,
சூதாட்ட விடுதியில் சீட்டுக் கலைத்த லடோரிஸ்,
ஆயுள் காப்பீடு விற்றுத் தோற்ற ஒருவர்,
அவசர அழைப்பு மேசையில் பதினோரு வருடம்
இரவுப்பணி பார்த்த நான்.

நேர்வழியில் வருகிறவர்களுக்கு நான்கு வருடம்.
எங்களுடையது மாற்றுவழி, சுற்றுவழி.
சுற்றுவழியைத்தான்
ஒரே வருடத்தில் முடிக்கச் சொன்னார்கள்.
சிரிக்க நேரமில்லை.

"கேள்வி கேட்டதும் மூன்று நொடி பொறுங்கள்"
என்றார் பேராசிரியை ஹோல்ட்ஸ்க்ளா.
"யாரோ ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார்."
என் உள்ளங்கை வியர்த்தது.
பழைய மேசையில்
எதிர்முனை மூன்று நொடி பேசாவிட்டால்
எழுந்து நின்று
மேற்பார்வையாளருக்குக் கைகாட்டுவோம்.

கணிதத் தேர்வு இரண்டு மதிப்பெண்ணில் போனது.
மறுதேர்வுக் கட்டணம், காருக்கு வாங்கவேண்டிய டயர்.
வழுக்கை டயரிலேயே ஜாக்சன்வரை ஓட்டிப்போய்
மழையில் எழுதினேன். பின்னங்கள் இரங்கின.
உரிமம் தபாலில் வந்தது.
வெர்லீன் டக்கெட் என்ற என் பெயரைவிட
'தற்காலிகம்' என்பது
பெரிய எழுத்தில் இருந்தது.

ஆகஸ்டில் ஏழாம் வகுப்பு.
முதல் நாளே குரல் பழைய தடத்தில் விழுந்தது:
"பதறாதே. உன் முன்னால் என்ன தெரிகிறது, சொல்.
நான் இங்கேதான் இருக்கிறேன்."
ஒரு பெண் கைதூக்கினாள்.
"மிஸ், யாராவது செத்துட்டாங்களா?"

மூன்றாம் வாரம்
அவசரத் தொடர்பு அட்டைகளை நிரப்பச் சொன்னேன்.
ஜகோரியன் ஸ்பைட்ஸ், ஜன்னலோர வரிசை,
அழிரப்பரைக் கடிக்கிறவன்.
முகவரி: 417, சைப்ரஸ் தெரு,
பின்பக்க டிரெய்லர்.

பின்பக்கம்.

அந்த இரவு அவனுக்கு ஐந்து வயது இருக்கும்.
தெருப்பெயர் தெரிந்திருந்தது, கதவெண் தெரியவில்லை.
"வெளியே பெட்டியில் என்ன எழுதியிருக்கு, கண்ணா?"
நாலு தெரியும் அவனுக்கு. ஒன்று தெரியும்.
மூன்றாவது, "தலைகுனிஞ்ச கம்பம் மாதிரி."
அதற்குப் பெயர் ஏழு என்றேன்.
ஏழு என்றான். இன்னொரு முறை சொன்னான்,
ருசி பார்ப்பதுபோல.
பிறகு ஒன்பது நிமிடம்
அம்மாவின் மூச்சை எனக்காக எண்ணினான்.
ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டிப் போனபோது
"பின்னாடி, பின்னாடி" என்று கத்தினான்.
கதவு திறந்த சத்தம்.
இணைப்பு அறுந்தது.

எங்களுக்கு முடிவு சொல்லமாட்டார்கள்.
பதினோரு வருடத்துக் கதைகளில்
எதற்கும் கடைசிப் பக்கம் இல்லை.

அட்டையில், அவன் கோணல் கையெழுத்தில்:
அம்மா, ரொஷாண்டா ஸ்பைட்ஸ்.
பணியிடம், மாவட்ட மருத்துவமனைச் சலவைக்கூடம்.
மூன்று மணிக்குமேல் அழைக்கவும்.

மூன்று மணிக்குமேல் அழைக்கவும்.
அட்டையை மற்றவற்றோடு அடுக்கினேன்.
அகரவரிசை கலைந்து, திரும்ப அடுக்கினேன்.
மேசையில் கேட்டது மேசையோடு என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்.
அவனிடம் சொல்லவில்லை.

அக்டோபரில்
உதவி முதல்வர் கடைசி வரிசையில் உட்கார்ந்து
என்னை மதிப்பிட்டார்.
"மைனஸ் மூன்றோடு பத்தைக் கூட்டினால்? ஜகோரியன்?"
ஒன்று. இரண்டு. மூன்று.
மின்விசிறி.
மீன்பண்ணை லாரி ஒன்று வெளியே கியர் மாற்றியது.
ஆறு. ஏழு.
"பதிமூணு."
சிரித்தார்கள்.
"அந்த மைனஸை இன்னொரு தடவை பார்.
நான் இங்கேதான் இருக்கிறேன்."

அழிரப்பர் வாயில் நின்றது.
என்னை நிமிர்ந்து பார்த்தான்,
எங்கோ வைத்த சாவியைத் தேடுகிறவனைப் போல.
பிறகு குனிந்து,
விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருந்தது:
ஆசிரியர் ஒரு பதிலுக்காக
அளவுமீறிக் காத்திருக்கிறார்.
திருத்திக்கொள்ள வேண்டும்.

படித்துப் புரிந்துகொண்டேன் என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.