கைநீளம்

பேச்சி போட்டுக் கழித்த யூனிஃபார்ம்
அடுத்த ஜூனில் எனக்கு வரும்.
இடுப்பில் இரண்டு மடிப்பு, ஓர் ஊக்கு,
சட்டைக் கையில் இன்னொரு மடிப்பு.
பையோரம் அவள் பேனா கசிந்த நீலம்
மூன்று வருடம் என் நெஞ்சிலும் இருந்தது.
"உன் இங்க்கா இது?" என்றார் மராத்தி டீச்சர்.
ஆமாம் என்றேன்.
பொய் சொன்னதாகவே தோன்றவில்லை.

தாராவியில் எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு.
இரும்பு ஏணி ஏறினால் பரண், அது எங்களுக்கு.
சட்டென்று எழுந்தால் தகரம் இடிக்கும் என்று
எனக்குச் சொல்லித்தந்தது
அவள் நெற்றித் தழும்புதான்.
படுத்தபடி தலை வாரிக்கொண்டோம்,
படுத்தபடி பரீட்சைக்குப் படித்தோம், சண்டை போட்டோம்.
அம்மாவுக்குப் புரியக்கூடாதென்றால் மராத்தியில்,
கீழ்வீட்டு சுரேகாவுக்குப் புரியக்கூடாதென்றால் தமிழில்,
யாருக்குமே புரியக்கூடாதென்றால்
போர்வைக்குள் காலால் ஓர் உதை.
ஓர் உதை என்றால் தூங்கிட்டியா.
இரண்டு என்றால் அழாதட்டி.

அப்புறம் அவளுக்கு அந்தேரியில் வேலை,
ரத்தம் பரிசோதிக்கும் லேபில், முன்மேசையில்.
பேச்சியம்மாள் யார் வாயிலும் நுழையாமல்
பிரியா ஆகிவிட்டாள்.
பரணில் படுத்துக்கொண்டு போனில்
"ஹலோ, பிரியா பேசறேன்" என்று
இந்தியில், யாரோ வீட்டுப் பெண்ணின் குரலில்.
"யாருட்டி அந்த பிரியா?
நம்ம போர்வைக்குள்ள எதுக்கு வாரா?"
சிரிப்பாள் என்றுதான் கேட்டேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ஓர் உதை கொடுத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.
மாஹிம் பக்கம் கடைசி ரயில் போகிற சத்தம் வரைக்கும்
கால் அங்கேயே காத்திருந்தது.

முதல் சம்பளத்தில் எனக்கொரு குர்தா வாங்கி வந்தாள்,
தாதரில், பேரம் பேசாமல்.
மாம்பழ மஞ்சள். காலரில் அட்டை தொங்கியது.
தீபாவளி இல்லாத நாளில்
யாரும் உடுத்தாத துணி.
போட்டேன்.
மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்னால்
கை நின்றுவிட்டது.
தோளில் ஏதோ பட்டென்றது, நூல்தான்.

அவள் என் கையைப் பார்த்தாள்.
என் கணுக்காலைப் பார்த்தாள்.
லேபுக்குப் போன இந்த எட்டு மாதத்தில்
யாரோ திருடிப் போனதைப்போல.
"எப்ப இசக்கி?" என்றாள்.
"நீ போன்ல இருந்தப்ப" என்றேன்.
சொன்னபிறகுதான் தெரிந்தது, கூர்மையாக இருந்தது.

கடைக்காரன் மாற்றித்தர மாட்டான், நூல் விட்டுவிட்டதே.
அம்மா தைத்துக் கொடுத்தாள்.
ஒன்றும் பேசாமல் பேச்சி அதை மாட்டிக்கொண்டாள்.
அளவெடுத்ததுபோல் இருந்தது அவளுக்கு.
முதன்முறையாக ஒரு துணி
எங்கள் வீட்டில் கீழிருந்து மேலே போனது.
யார் முதலில் சிரித்தது, நினைவில்லை.
தகரத்தில் இடித்துக்கொண்டது நான்.

திங்கட்கிழமை, மாஹிம் ஸ்டேஷன்.
எனக்கு பாந்த்ரா வரை, கல்லூரிக்கு. அவளுக்கு அந்தேரி.
லேடீஸ் பெட்டி வாசலில் அவள் முதுகில் கைவைத்து
நான் உள்ளே தள்ளினேன்,
இதுவரை அவள் என்னைத் தள்ளியதுபோல.
போன் அடித்தது.
கம்பியைப் பிடித்திருந்த மஞ்சள் கைக்கு மேலே
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"பேச்சி பேசுறேன்."
அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ,
"ஆமா, பேச்சிதான்" என்றாள் மறுபடி.

பாந்த்ரா வந்தது.
"குர்தாவ அடுத்த ஜூன்ல திருப்பிக் கேப்பேன்" என்றேன்.
"இதுக்கு மேல வளந்து தொலைக்காத" என்றாள்,
கூட்டத்துக்குள்ளிருந்து
யாருக்கும் தெரியாமல்
என் செருப்பில் ஓர் உதை.