ஏழு பைட்டுகளுக்கு மேல் ஒரு குறிப்பு

தராசு ஒவ்வொரு லொறிக்கும்
ஏழு பைட் அனுப்புகிறது.
முதலாவது அதன் உடல்நிலை: நலம், நலமில்லை.
அடுத்த நான்கும் எடை.
மிச்சம் இரண்டும் கூட்டிச் சரிபார்க்க.
ஆக, எடை தொடங்குவது ஒன்றாம் இடத்தில்.
பூச்சியத்தில் அல்ல, நான்கில் அல்ல.
ஹம்டன் லேனில் நாலாம் இலக்க வீட்டுக்கும் ஐந்துக்கும் நடுவே
சந்துக்குள் 4/1ஏ இருப்பதுபோல.
தபால்காரருக்குத் தெரியும்.
புதிதாய் வந்தவன் அடுத்த வீட்டு மணியை அடிப்பான்.

என் மேசைக் கணினி இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.
அது காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் ஏறிப் பழகிய கால்;
தரிப்பிடத்தில் நில்லாமல்
இரண்டு முழம் தள்ளி நடு வீதியில் நின்றாலும்
கம்பியைப் பிடித்து ஏறிவிடும்.
துறைமுக வாசலில் இருந்த பழைய பலகையும் அப்படித்தான்.
அதை இடி தின்றது.
நேற்று மாற்றிய புதுப் பலகைக்கு அந்தப் பழக்கமில்லை:
நான்கின் மடங்கில் இல்லாத முகவரியில்
நான்கு பைட்டை ஒரே வாயாகக் கேட்டால்
விழுந்துவிடுகிறது.

விழுந்தது அதிகாலை மூன்று பத்துக்கு.
பியதிலக போன் எடுத்தார்.
"மிஸ், தராசு பேசுதில்ல."
பின்னால் ஹோர்ன் சத்தம்.
வரிசை இங்குருக்கடைச் சந்தியைத் தாண்டிவிட்டதாம்.

நிரலைத் திறந்தேன்.
அந்த வரிக்கு மேலே அஸ்மிர் எழுதி வைத்திருந்தான்:
"இது வேலை செய்கிறது. தொட வேண்டாம்."
அவன் இப்போது மெல்பேர்னில். அங்கே விடிந்திருக்கும்.
கேட்டிருக்கலாம்.
காரணம் தெரிந்திருந்தால் எழுதியிருப்பானே.

திருத்தம் ஒரே வரி:
சீர் பிசகிய இடத்திலிருந்து படிக்கவென்றே
ஓர் அழைப்பு உண்டு, அதனால் படி.
நாலு மணிக்குத் தராசு பேசியது.
ஒரு லொறி முப்பத்திரண்டு இலட்சம் தொன் என்றது.
விழவில்லை. எல்லை தாண்டி ஒரு பைட்டும் தொடவில்லை.
பொய் மட்டும் சொன்னது,
பத்திரமாக.
பெரிய பக்கம் முதலில் வரும் எண்ணை
நான் சின்னப் பக்கத்திலிருந்து படித்திருந்தேன்.
திருப்பினேன். இருபத்துநாலு தொன்.
வரிசை நகர்ந்தது.

குறிப்பு எழுதத்தான் பகல் முழுக்கப் போனது.

அந்த வரி நிற்பது தொகுப்பி கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில்.
அங்கே சத்தியம் செய்ய வேண்டியவள் நான்.
முதலில் எழுதினேன்: "இது பாதுகாப்பானது."
மிஹிரி திருப்பி அனுப்பினாள்: ஏன்?

பாதுகாப்பு என்ற சொல்லை
இந்த நகரத்தில் காரணம் கேளாமல் கடந்து பழகியவள் நான்.
அடையாள அட்டையை நீட்டியபோது கேட்டதில்லை.
பையைத் திறந்து காட்டியபோது கேட்டதில்லை.
இவள் கேட்கிறாள்.
எரிச்சலாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அழித்து எழுதினேன்:
ஏழும் வந்துவிட்டனவா என்று மூன்று வரி மேலே எண்ணியாயிற்று;
குறைந்தால் இங்கே வரமாட்டோம்.
படித்து முடியும்வரை இந்த இடம் நம் கையில்;
வேறு யாரும் எழுதார், விடுவியார்.
எந்த நான்கு பைட்டும் ஓர் எண்தான்,
எண்ணாக மறுக்கும் நான்கு கிடையாது.
முகவரி சீராக இருக்குமென்று நம்பவில்லை.
நம்பத் தேவையுமில்லை.

ஓரிடத்தில் "இருக்க வேண்டும்" என்றிருந்தது.
மிஹிரி அதன் கீழ்க் கோடிட்டாள்:
இருக்கிறதா, இருக்க வேண்டுமா?
போய்ப் பார்த்தேன். இருக்கிறது.
மாற்றினேன்.

கடைசியில், அவள் கேளாமலே, இன்னொரு வரி:
இக்குறிப்பு எடை சரியென்று சொல்லவில்லை;
படித்தால் விழாது என்று மட்டும் சொல்கிறது.

இயந்திரம் இதைப் படிக்கப்போவதில்லை.
தொகுக்கும்போதே உதிர்த்துவிடும்.
இடி இன்னொரு பலகையைத் தின்னும் இரவில்
தூக்கக் கண்ணோடு யாரோ திறப்பார்கள், அவர்களுக்கு.

திகதி போட்டேன்.
பலகையின் மாதிரி இலக்கம் போட்டேன்.
பெயர் போடாமல் விட்டேன்,
பிறகு போட்டேன்.