வாயிற்காவலனுக்கு இரண்டடி

பாளையங்கோட்டை. கல்லூரி முத்தமிழ் விழா.
மேடைக்குப் பின்னால் ஒரு டியூப்லைட்
செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.
கொம்பையா அண்ணாச்சி பெட்டியைத் திறந்தார்:
முத்துவெள்ளை, அரிதாரம்,
எண்ணெய் ஊறிய பஞ்சு, ரோஸ் பவுடர்.
முப்பது வருசமாய்
அரசன் என்று வந்து உட்கார்ந்தவனுக்கெல்லாம்
அதே ரோஸ்.
வேல் பிடிக்கிற எனக்கும் ரெண்டு கை.

இந்த வருசத்து அரசன் ஓம்துர்மான்காரன்.
இத்ரீஸ், வேதியியல், மூன்றாம் ஆண்டு.
மேலப்பாளையத்து மாடியறையில்
அகவல் முழுக்க அரபி எழுத்தில்
வலமிருந்து இடமாய் எழுதிவைத்துப் படித்தவன்.
ழகரம் மட்டும் நாலு மாதமாய் வரவில்லை.
டவுன் பஸ்ஸில் ஒருநாள்
யாரோ இறக்கிய தார் அவன் காலில் இறங்க,
"வாழை!" என்று அலறினான்.
பஸ்ஸே கைதட்டியது.

அண்ணாச்சி அவன் கன்னத்தை
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.
"இதுக்கு எங்கிட்ட சரக்கு இல்லியே, தம்பி."
கேலி இல்லை. கடைக்காரன் கணக்குச் சொல்கிற குரல்.
"கண்ணுக்கு மை போதும், அண்ணாச்சி"
என்றுவிட்டுப் போனார் எஸ்தர் ஜெபக்கனி மேடம்.

முன்வரிசையில் ஒரு சால்வை
மேடைக்கே கேட்கும்படி:
"பாண்டிய ராசாவுக்கு
ஊர்ல வேற ஆளா கெடைக்கல?"

எனக்கு இரண்டே அடி.
"கார்முகில் மேனியன், கொற்கைக் காவலன்,
தேர்விட்டு இழிந்தனன்; திறமின் கதவே!"
போன வருசமும் இதே நாடகம், இதே அடிகள்.
ரோஸ் முகத்தோடு வந்தான் செயலாளர் மகன்.
அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.
நானுந்தான்.

முகில் என்றால் என்னவென்று
ஐப்பசியில் பாபநாசத்து மலைமேல்
பார்த்தவன்தானே.
அன்றைக்குச் சொல்லும்போது
முதல் சொல்லிலேயே நாக்குக் கனத்தது.

வந்தான்.
விளக்கு அவன் நெற்றியில் ஏறி வழுக்கியது.
பின்வரிசை விசில் ஒன்று
பாதியில் மறந்துபோனது.
அவன் மூச்சு வாங்கிய இடங்களில்
மின்விசிறி ஓடுவது கேட்டது.

எனக்கு வேர்த்தது. ரோஸ் கரைந்து
கழுத்தில் கோடாய் இறங்கியது.
அவனுக்கு ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான் நான்.
விழாப் புகைப்படத்தில் ஓரமாய் நிற்கிறேன்,
பாதி பவுடரும் பாதி நானும்.

மறுநாள் காலை தரகர் வந்தார்.
அக்காவின் தாளில் நிறம் கேட்கும் இடத்தில்
பேனாவைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார்.
"கார்முகில்னு போடும்வே" என்றேன்.
தரகர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.
அடுக்களையில் அக்கா
ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

மாநிறம் என்றுதான் எழுதினார்.
மா மட்டும் கொஞ்சம்
பெரிதாய் விழுந்திருந்தது.