மூன்றாவது பூட்டு

சாவி எதுவும் என்னிடம் இல்லை.
எனக்குக் கொடுத்தது பேனா.
ருவோ ஆற்றின் இக்கரையில்
ஆனைப்புளிய மரத்தடியில்
செவ்வாய்தோறும் வட்டமாக உட்காரும்
இருபத்திரண்டு பெண்களில்
எழுதத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.
அதில் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது
என் கையெழுத்து.

பெட்டி தகரம். நீலம்.
டொரிகாவின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.
பூட்டு மூன்று, சாவி மூன்று வீட்டில்.
பெட்டி இருக்கும் வீட்டில் சாவி இருக்காது.
இதைக் கேட்டு என் கணவன் சிரித்தான்,
ஒருத்தியை ஒருத்தி இவ்வளவுதான் நம்புகிறீர்களா என்று.
நம்பிக்கைக்கு மூன்று பூட்டு கட்டுப்படியாகிறது,
உன்னை நம்பி ஒரு பூட்டுக்கும் வழியில்லை என்றேன்.

ஒரு பங்கு இருநூறு க்வாச்சா.
சில வாரம் இருநூறு சும்மா வரும்.
சில வாரம் அதுதான் உப்பும் சோப்பும்.
எனெலெசி முதலில் வாங்கியது ஆறாயிரம்:
மாவு, எண்ணெய், சீனி.
பள்ளிக்கூட வாசலில் மாண்டாசி சுட்டாள்.
முதல் நாள் கருகியது.
மறுநாள் உள்ளே வேகவில்லை.
மூன்றாம் நாள் தலைமையாசிரியரே கடன் சொன்னார்.
மூன்று மாதத்தில் வட்டியோடு அடைத்தாள்.
அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்,
ஒன்று போதும் என்றாலும்.

பிறகு பிப்ரவரி மழை.
அவள் மகன் லமெக்கிக்கு
நள்ளிரவில் காய்ச்சல் ஏறி
கண் மேலே செருகிவிட்டது.
ஆஸ்பத்திரி பத்தொன்பது கிலோமீட்டர்.
பைக்காரன் சகதியைக் காட்டி
ஒன்பதாயிரம் கேட்டான், கையில்.
நசிலினா வந்தாள், தன் பூட்டைத் திறந்தாள்.
லூசியா வந்தாள், திறந்தாள்.
மூன்றாவது சாவி அக்கரையில்,
அண்ணன் வயலில் துவரை பறிக்கப் போன
ஃபைலெஸின் கழுத்துக் கயிற்றில்.
போன் போட்டோம்.
"வருகிறேன்" என்றாள்.
அதற்குப் பிறகு மழைச் சத்தம்தான்.

டொரிகா மண்வெட்டியை ஓங்கிவிட்டாள்.
கையைப் பிடித்தது நான்.
எட்டுப் பேர் இல்லாமல் பெட்டி திறக்கக் கூடாது:
நானே எழுதிய விதி,
பக்கம் ஒன்று, வரி நான்கு.
எனெலெசி என்னைப் பார்த்த பார்வையை
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
இன்றுவரை தெரியவில்லை.

ஓடினேன்.
கதவு கதவாகத் தட்டினேன்.
ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள்,
ஒருத்தி கணவனின் சட்டையில்.
எனெலெசியோடு ஒரு வருஷமாகப் பேசாத மாலிட்டா
தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.
அவள் எட்டாவது.
"என்ன பார்க்கிறீர்கள், உடையுங்கள்"
என்றதும் அவள்தான்.

மூன்றாம் அடியில் பூட்டு விட்டது.
போன் வெளிச்சத்தில் இரண்டு தரம் எண்ணினோம்.
எழுதினேன்: எனெலெசி, மருத்துவம், ஒன்பதாயிரம்.
என் முடியிலிருந்து சொட்டிய நீரில்
கடைசி சைபர் கரைந்து
பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது.

விடியும்போது ஃபைலெஸ் வாசலில் நின்றாள்,
கழுத்துவரை சேறு. பேசவில்லை.
வாயிலிருந்து சாவியை எடுத்தாள்.
கயிறு அறுந்துவிடும் என்று
கன்னத்தில் அடக்கிக்கொண்டு நீந்தியிருக்கிறாள்,
முதலை இருக்கிற ஆற்றில்.
உடைந்த பூட்டைப் பார்த்தாள்.
"நல்லதாப் போச்சு" என்றாள்.
அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.
புதுப் பூட்டு ஆயிரத்து இருநூறு;
உடைத்த எட்டுப் பேருக்கும் தலைக்கு நூற்றைம்பது.
ஃபைலெஸ் தாமதத்துக்கு ஐம்பது வைத்தாள்.
வேண்டாம் என்றோம்.
விதி என்றாள், என் பேனாவைப் பார்த்து.

லமெக்கி பிழைத்துக்கொண்டான். ஒரு காது மந்தம்.
கடனில் இன்னும் இரண்டாயிரத்து நூறு பாக்கி;
மாவு விலை ஏறிவிட்டது.
எனெலெசி மாண்டாசியைக் கொஞ்சம் சிறிதாக்கினாள்,
பிள்ளைகள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பழைய சாவி இனி எதற்கு என்று
ஃபைலெஸ் தூக்கிப் போடப் போனாள்.
எனெலெசி வாங்கிக்கொண்டாள்.
எண்ணெய் டின்னின் மூடியை
காலையில் அதை வைத்துத்தான் நெம்புகிறாள்.